காலி நாற்காலியையும் எண்ணுங்கள்: ஆதரவுக் குழுக்களை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மனநல ஆதரவுக் குழுக்களுக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அக்குழுக்களை ஆண்டுதோறும் மதிப்பிடும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மனச்சோர்வோடும் தீராத பதற்றத்தோடும் வாழ்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் சிறு குழு ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். நான் மருத்துவரும் அல்லேன், உளவியலாளரும் அல்லேன்; ஒரு காலத்தில் உதவி தேடி அதே வட்டத்தில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்தி. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் உங்களிடமிருந்து ஒரு படிவம் வருகிறது. எத்தனை கூட்டங்கள் நடந்தன, சராசரியாக எத்தனை பேர் வந்தனர், சேரும்போது இருந்த மனச்சோர்வு மதிப்பெண் ஆண்டு முடிவில் எவ்வளவு குறைந்தது என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டுக்கான நிதி முடிவாகிறது. பதினோரு முறை நிரப்பிக் கையெழுத்திட்டிருக்கிறேன். நான் எழுதிய எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் எங்கள் குழுவில் எது பலன் தருகிறது, எது தரவில்லை என்பதை அவற்றைப் பார்த்து நானே ஒருமுறையும் தெரிந்துகொண்டதில்லை.

மனத்தின் காயத்தை எண்ணால் அளக்கவே கூடாது என்போர் கட்சியைச் சேர்ந்தவள் அல்லேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாதம் காதுக்கு இதமாக இருக்கும்; ஆனால் அதன் நிழலில் பயனற்ற குழுக்களும், சிலருக்குத் தீங்கே செய்யும் குழுக்களும் ஆண்டுக்கணக்கில் கேட்பாரின்றி நடந்துவிடும். அளக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். எதை அளப்பது, யாரைக் கேட்டு அளப்பது என்பதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் மூன்று பேர் எங்கள் குழுவுக்கு வருவதை நிறுத்தினர். ஒருவருக்கு மாலை நேர வேலை கிடைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் கூட்டத்தைத் தவிர வேறெதற்கும் வீட்டைவிட்டு வெளியே வராதவர் அவர். இன்னொருவர், தம் தூக்கமின்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று சிரித்ததையும், நான் அதைத் தடுக்காமல் பேச்சை வேறு பக்கம் திருப்பியதையும் பொறுக்காமல் நின்றுவிட்டார். மூன்றாமவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தனர். எங்களுக்கு அது தெரியவே நான்கு மாதங்கள் ஆயின. பதிவேட்டில் மூவர் பெயருக்கு நேராகவும் ஒரே மாதிரிக் குறுக்குக் கோடு. அந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த ஆகப் பெரிய வெற்றியும், என் தவறும், நாங்கள் எல்லாரும் கவனிக்காமல் விட்ட ஓர் ஆபத்தும் அந்தப் பக்கத்தில் வேறுபாடின்றி நிற்கின்றன. உங்கள் படிவத்துக்கு வந்தபோதோ மூன்றும் சேர்ந்து வருகைச் சராசரியைக் குறைத்த ஒரே குறையாகிவிட்டன.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். எட்டு ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரு வாரமும் தவறாமல் வருகிறவர் ஒருவர் இருக்கிறார். சராசரியைத் தூக்கி நிறுத்துகிறவர். குழு அவரைத் தாங்குகிறதா, அல்லது வெளியே போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதா என்று எனக்கே சில நாட்களில் ஐயம் வந்திருக்கிறது. ஒருநாள் கேட்டும்விட்டேன். "புதிதாக வருகிறவர்களுக்குக் கதவருகே ஒருவராவது இருக்க வேண்டாமா?" என்றார். அவர் உதவி பெற வருகிறாரா, உதவி செய்ய வருகிறாரா என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. அவருடைய விஷயத்தில் முக்கியமான கேள்வி அது ஒன்றுதான்.

அடுத்தது மதிப்பெண். நீங்கள் பரிந்துரைக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் 2001-இல் வெளியானது. ஆர்வமின்மை, தூக்கக் குறைவு, பசியின்மை, களைப்பு என ஒன்பது தொந்தரவுகள் கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு அடிக்கடி வந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டு, 27-க்குக் கூட்டித் தருவது. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று மேற்கொண்டு விசாரிப்பது வழக்கம். சுருக்கமான, நாணயமான கருவி அது. ஒருவருக்கு மருத்துவரின் கவனம் தேவையா என்று பார்க்க இன்றும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் குழு நல்ல குழுவா என்று தீர்ப்பளிக்க அதைப் பயன்படுத்தும்போது இரண்டு பள்ளங்களில் விழுகிறோம்.

முதலாவது, மனிதர்கள் எங்களிடம் எப்போது வருகிறார்கள் என்பது. ஓரளவு நன்றாக இருக்கும் நாளில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே போய் உட்கார யாரும் துணிவதில்லை. வருவது பெரும்பாலும் ஆக மோசமான வாரத்தில்தான். உச்சத்தில் எடுத்த எந்த அளவும், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், அடுத்த முறை சற்று இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். சராசரி நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலார் சொல்லும் இந்த இயல்பை, பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு பிரான்சிஸ் கால்டன் 1886-லேயே விளக்கிவிட்டார். ஓர் ஆண்டு எங்கள் குழுவின் சராசரி நன்றாகவே இறங்கியது; உங்களில் ஓர் அமைப்பிடமிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது. அந்த இறக்கத்தில் எங்கள் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எந்த வழியும் இல்லை. சேர விரும்பிக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களிடமும் அதே கேள்விகளை அதே இடைவெளியில் கேட்டிருந்தால் ஓரளவாவது தெரிந்திருக்கும். இரண்டாவது பள்ளம் இதைவிட எளிதானது. ஆண்டு முடிவில் கேள்வித்தாளை நிரப்ப இருப்பவர்கள் தங்கிவிட்டவர்கள் மட்டுமே. சிரிப்புக்கு ஆளாகி நின்றுவிட்டவரின் இரண்டாவது மதிப்பெண் எந்தச் சராசரியிலும் இல்லை.

இந்தக் கேள்வித்தாளைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னையே துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்பது. ஒருமுறை பன்னிரண்டு தாள்களைச் சேகரித்து, நாங்கள் படிக்கக் கூடாது என்ற அறிவுறுத்தலின்படி உறையில் ஒட்டி, ஒரு மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தோம். மூன்று வாரங்கள் கழித்து அங்கே தரவு ஏற்றும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு தாளில் கடைசி வரிக்கு நேரே, ஏறக்குறைய தினமும் என்ற கட்டத்தில் குறி இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தத் தாளை எழுதியவர் இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அந்த மூன்று வாரமும் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, தாம் எழுதியதை யாரோ படித்திருப்பார்கள் என்று எண்ணி, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெகு நாட்களுக்குப் பிறகு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதிலை அன்றே படிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதை மதிப்பீடு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

மதிப்பெண் இறங்குவது மட்டுமே குழுவின் பயன் என்ற எண்ணத்துக்கு ஆய்வுகளின் துணையும் குறைவுதான். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குச் சக ஆதரவு, அதாவது அதே துன்பத்தைக் கடந்தவர்கள் தரும் துணை, எந்த அளவு உதவுகிறது என்று 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. மருத்துவமனைச் சேர்க்கையிலும் நோய்க்குறிகளிலும் தெளிவான பலன் எதையும் அதனால் காட்ட முடியவில்லை. நம்பிக்கை, மீட்சி, தன் வாழ்வு தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சோதனைகளின் தரமே பெரும்பாலும் சுமார் என்றும் தொகுத்தவர்கள் மறைக்காமல் எழுதினர். இதைப் படித்து, குழுக்களால் பயனில்லை என்று ஒருவர் முடிவு கட்டலாம். நான் வேறு விதமாகப் படிக்கிறேன்: தச்சுப் பட்டறையின் விளைச்சலை மரக்கால் கொண்டு அளக்கப் போனால் இப்படித்தான் ஆகும். மீட்சி என்று நோயுற்றவர்களே எதைச் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் குழு, பிறரோடு தொடர்பு, எதிர்காலத்தில் நம்பிக்கை, நோயாளி என்பதைத் தாண்டிய அடையாளம், வாழ்வுக்குப் பொருள், தன் முடிவைத் தானே எடுக்கும் வலு என்ற ஐந்தை 2011-இல் முன்வைத்தது. எங்கள் வட்டத்தில் ஒரு மாலை உட்கார்ந்தவர்கள் யாரும் இந்த ஐந்தையும் கேட்டு வியக்கமாட்டார்கள்.

சரியான பயனைத் தேர்ந்துகொண்டால் குழுவையும் கறாராக அளக்கலாம் என்பதற்குக் குடிநோயர் குழுக்கள் சான்று. 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைப் பற்றி வெறும் நம்பிக்கைப் பேச்சும் வெறும் ஏளனமும் பல பத்தாண்டுகள் மாறி மாறி நடந்தன. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் அந்த வழிமுறையோடு மக்களை முறையாக இணைத்துவிடும் சிகிச்சைகள் மற்றச் சிகிச்சைகளைவிட மேலாகவே நிற்கின்றன என்று கண்டது. என்னை அதைவிட ஈர்த்தது, அந்த இயக்கம் எவ்வழியாக உதவுகிறது என்று ஜான் கெல்லி போன்ற ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த விதம். குடிக்கிற நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் கூடியதும், பலர் கூடிக் குடிக்கும் இடத்திலும் தன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்ற துணிவு வளர்ந்ததும் பலனில் பெரும்பங்கை விளக்கின. கூட்டத்தின் பலன் கூட்டத்துக்கு வெளியே, ஒருவருடைய தொலைபேசியில் யார் யார் பெயர்கள் இருக்கின்றன என்பதில் தெரிந்தது. மனச்சோர்வுக் குழுக்களில் இந்தக் கேள்வியை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

எனக்குத் தெரிந்தவற்றுள் ஆகச் சிறந்த முன்மாதிரி உகாண்டாவின் தென்மேற்குக் கிராமங்களில் நடந்தது. ஆய்வாளர் பால் போல்டனும் அவருடைய சகாக்களும் அங்கே போனபோது கேள்வித்தாளை முதலில் எடுக்கவில்லை. இங்குள்ளவர்களுக்கு என்ன துன்பம் என்று ஊராரிடமே கேட்டனர். தன்னையே வெறுப்பது என்றும், தன்னையே எண்ணி இரங்கிக்கொள்வது என்றும் பொருள்படும் இரண்டு நிலைகளை ஊரார் தம் மொழியிலேயே சொன்னார்கள். அவை மருத்துவ நூல்கள் மனச்சோர்வு என்று சொல்வதோடு பெரிதும் ஒத்துப்போயின. அடுத்து, நலமாக இருக்கிற ஓர் ஆண் அன்றாடம் என்னென்ன செய்வார், ஒரு பெண் என்னென்ன செய்வார் என்று கேட்டனர். தன்னைப் பேணுவது, குடும்பத்தைப் பார்ப்பது, ஊர்க் காரியங்களில் கலந்துகொள்வது என்று வந்த பதில்களைக் கொண்டே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகச் செயல்திறன் அளவுகோல் தயாரானது. அதன் பிறகுதான் 30 கிராமங்களைச் சிகிச்சை பெறுவன, பெறாதன என்று குலுக்கல் முறையில் பிரித்து, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத, சில நாட்கள் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்களை வைத்து 16 வாரங்கள் குழுச் சிகிச்சை நடத்தினர். 2003-இல் வெளியான முடிவின்படி, குழு நடந்த ஊர்களில் பங்கேற்றோரில் 6.5 விழுக்காட்டினரிடமும், நடக்காத ஊர்களில் 54.7 விழுக்காட்டினரிடமும் பெரும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. செயல்திறனிலும் முன்னவர்களே தெளிவாக மேம்பட்டிருந்தனர்.

அது ஒழுங்குபடுத்தப்பட்ட சிகிச்சை, எங்களுடையது அப்படியல்ல. அந்த எண்களை எங்கள் தலையில் கிரீடமாக வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கில்லை. நான் சுட்டுவது வரிசையை. அங்கே துன்பத்தின் பெயரும் நலத்தின் பட்டியலும் ஊராரிடமிருந்து வந்தன. மதிப்பெண் கடைசியில் வந்தது. இங்கே மதிப்பெண் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் குழுவால் உங்கள் வாழ்வில் எது மாற வேண்டும் என்று எங்கள் உறுப்பினர்களிடம் ஒருமுறை கேட்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். "தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டும்." "மகளின் பள்ளிக் கூட்டத்துக்குப் போய், முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்." "என்னைப் பற்றி வீட்டில் தாழ்ந்த குரலில் பேசுவதை நிறுத்த வேண்டும்." ஒரு சீட்டில் ஒரு சொல்தான் இருந்தது: "கோபம்." அவர் கோபம் குறைய வேண்டும் என்றாரா, தனக்குக் கோபம் வர வேண்டும் என்றாரா என்று கேட்டேன், வர வேண்டும் என்றார். எந்த ஆயத்தக் கேள்வித்தாளிலும் இந்தப் பயனுக்கு வரி இல்லை. தனக்கு முதன்மையான துன்பம் எது என்று அவரவர் சொல்லிலேயே எழுதச் சொல்லி, அது இப்போது எவ்வளவு வாட்டுகிறது என்று 0 முதல் 5 வரை குறிக்கச் சொல்லும் சைக்லாப்ஸ் போன்ற சிறு கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை.

சரி, குழுவுக்குள் பலன் தருவது எது? குழுச் சிகிச்சையைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம் பதினொரு காரணிகளைச் சொன்னார். இந்தத் துன்பம் எனக்கு மட்டும் இல்லை என்ற கண்டறிதல், பிறருக்குப் பயன்படுதல், குழுவோடு ஒட்டுதல் ஆகியவை அவற்றுள் சில. உதவி செய்கிறவரே உதவியால் மிகுதியும் நலம் பெறுகிறார் என்ற கருத்தை ஃபிராங்க் ரைஸ்மன் 1965-லேயே எழுதிவிட்டார். எங்கள் கதவருகுக்காரர் அதைப் படித்தவர் அல்லர், ஆனால் அதன்படிதான் வாழ்கிறார். குழுச் சிகிச்சைகளில் ஒட்டுதலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2018-இல் 55 ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்த ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்; 1 என்றால் முழுத் தொடர்பு) 0.26. குழுவின் ஒட்டுதல்தான் எல்லாம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு (நானும் பேசியிருக்கிறேன்) ஒரு கணக்கு: அதை வர்க்கப்படுத்தினால், ஆளுக்கு ஆள் பலனில் உள்ள மாறுபாட்டில் ஏறக்குறைய 7 விழுக்காட்டைத்தான் அது விளக்குகிறது. அற்பமும் அல்ல, முழுக் கதையும் அல்ல. நலமடைந்ததால் குழுவோடு ஒட்டினார்களா, ஒட்டியதால் நலமடைந்தார்களா என்பதையும் அந்த எண் தனியாக நின்று சொல்லிவிடாது.

எங்கள் குழுவில் நடந்த ஒரு சிறிய அளவையைச் சொல்கிறேன். ஒரு மாலை எல்லாருடைய ஒப்புதலோடும் ஓர் உறுப்பினர் ஒரு தாளில் வட்டமாகப் பதினொரு புள்ளிகள் வைத்தார். யார் பேசினாலும், அதற்கு யார் பதில் சொன்னாலும், அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு. என்ன பேசினார்கள் என்று ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம். தொண்ணூறு நிமிடம் முடிந்து தாளைப் பார்த்தபோது என் முகம் சுருங்கிப்போனது. கோடுகளில் பெரும்பாலானவை என் புள்ளிக்கு வந்து என் புள்ளியிலிருந்தே போயிருந்தன, சக்கரத்தின் ஆரங்களைப் போல. உறுப்பினரிடமிருந்து உறுப்பினருக்கு நேரே ஓடிய கோடுகள் ஐந்தோ ஆறோதான். கதவுக்குப் பக்கத்துப் புள்ளி ஒன்றுக்கு ஒரு கோடும் இல்லை. வந்து மூன்றாவது வாரமாக உட்கார்ந்திருந்த இளைஞர் அவர். நான் அதிகம் பேசுகிறவள் அல்லேன் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அதற்குப் பிறகு, யாராவது பேசி முடித்தால் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறப்பதில்லை என்று பழக்கிக்கொண்டேன். அந்தப் பத்துக்குள் ஏறக்குறைய எப்போதும் வேறொருவர் பதில் சொல்லிவிடுகிறார். இரண்டு மாதங்கள் கழித்து எடுத்த தாள் சக்கரமாக இல்லை, சிலந்தி வலைபோல் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் என் நடத்தையை மாற்றிய அளவீடு இது ஒன்றுதான். செலவு ஒரு பென்சில்.

தீங்கைப் பற்றி உங்கள் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. யாலோமும் மார்ட்டன் லீபர்மனும் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் 18 குழுக்களில் பங்கேற்றனர்; அவை நோயாளிகளுக்கானவை அல்ல, மனம் திறந்து பேசப் பழகும் குழுக்கள். அவர்களில் 16 பேர் குறிப்பிடத்தக்க அளவில் மனத்தளவில் பாதிக்கப்பட்டனர். யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிப்பதில் குழுவை நடத்தியவர்களின் மதிப்பீடு மோசமாகவே இருந்தது. உடன் உட்கார்ந்திருந்த உறுப்பினர்களைக் கேட்டதே ஆகச் சிறந்த வழியாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. இன்னும் நீங்கள் ஒருங்கிணைப்பாளரிடம்தான், அதாவது என்னிடம்தான், குழு எப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

குழுக்களைத் தரவரிசைப்படுத்தும் திட்டம் ஒன்று உங்களிடம் இருப்பதாக அறிகிறேன். ஒரே குழுவில் இருப்பவர்களின் மாற்றங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒருவர் நொடிந்தால் அந்த வாரம் முழுக் குழுவும் நொடியும். ஆகவே பத்துக் குழுக்களில் பத்துப் பத்துப் பேராக நூறு பேரை அளந்தால், நூறு தனி மனிதர்களை அளந்ததாகக் கணக்குப் போட முடியாது. குழுவுக்குள் ஒருவர் மாற்றம் மற்றவருடையதோடு ஒத்திருப்பதன் அளவு (முழுக்க ஒத்திருந்தால் 1) வெறும் 0.05 என்று வைத்துக்கொண்டாலும் அந்த நூறு பேர், புள்ளியியல் வலுவில், ஏறக்குறைய 69 பேருக்குத்தான் சமம். பத்துப் பேர் உள்ள ஒரு குழுவை இன்னொன்றோடு ஒப்பிட்டு முதலிடம், ஏழாமிடம் என்று எழுதுவது பெரும்பாலும் தற்செயலுக்குப் பட்டம் சூட்டுவதாகவே முடியும்.

அதனினும் கேடானது, பட்டம் வந்தபின் நாங்கள் என்ன செய்வோம் என்பது. ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக் கருவியாக ஆக்கியதுமே அதுவரை அதில் தெரிந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னார். எங்கள் உலகில் அது எப்படி நடக்கிறது என்பதற்கு வேறெங்கும் சாட்சி தேட வேண்டாம். ஆண்டு முடிய ஆறு வாரங்கள் இருக்கையில் மிகவும் உடைந்த நிலையில் ஒருவர் வந்தார். அவர் மதிப்பெண் சராசரியைக் கெடுக்கும் என்ற கணக்கு எனக்குள் ஓடியது. "அடுத்த மாதம் புதியவர்களைச் சேர்க்கிறோம், அப்போது வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் எழுத்தில் சொன்னதில்லை.

ஆகவே நான் கேட்பது சில மாற்றங்களை மட்டுமே. வருகையை எண்ணுங்கள், ஆனால் நின்றவர் ஒவ்வொருவரையும் ஒரு மாதத்துக்குள் ஒருவர் அழைத்துக் காரணம் கேட்டாரா என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கேட்பவர் ஒருங்கிணைப்பாளராக இல்லாமல் குழு தேர்ந்த ஓர் உறுப்பினராக இருக்கட்டும், அந்த அழைப்பை விரும்பாதவருக்கு மறுக்கும் உரிமையும் இருக்கட்டும். முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தனர் என்று கேளுங்கள். ஓர் அந்நியரை ஒரு குழு எப்படி வரவேற்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்ணை நான் பார்த்ததில்லை. நோய்க்குறி மதிப்பெண் வேண்டும் என்றால் எடுங்கள், ஆனால் ஒன்பதாவது வரியை அன்றே படித்து அன்றே பேசும் ஏற்பாட்டுக்கும் சேர்த்து நிதி ஒதுக்குங்கள். அவரவர் சீட்டில் எழுதிய ஆசை எதுவோ அது ஆறு மாதத்தில் எங்கே நிற்கிறது என்பதை அவர் வாயால் கேளுங்கள். இங்கே யாராவது புண்பட்டார்களா என்று உறுப்பினர்களிடம், நான் இல்லாத அறையில் கேளுங்கள்.

இவற்றில் கிடைப்பது எதையும் நிதிக் குறைப்போடு நேரடியாக முடிச்சுப் போடாதீர்கள். அந்த முடிச்சு இருக்கும்வரை என் போன்றோர் எழுதி அனுப்பும் எண்கள் உங்களுக்காக அலங்கரித்தவையாகவே இருக்கும். படிவம் நிரப்பும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். தொண்ணூறு நிமிடக் கூட்டத்தில் இருபது நிமிடத்தைத் தாள்கள் தின்றுவிட்டால், அன்று கடைசியாகப் பேசக் காத்திருந்தவர் பேசாமலே எழுந்து போகிறார். கடைசியாகப் பேசக் காத்திருப்பவர் பெரும்பாலும் அன்று பேசியே ஆக வேண்டியவர்.

புதிய படிவத்தின் வரைவை உங்கள் அறையில் முடித்துவிட்டு எங்களுக்கு அனுப்பாமல், வரைவாக இருக்கும்போதே ஒரு மாலை எங்கள் வட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். வருகிறவர் பேசாமல் கேட்பவராக இருந்தால் நல்லது.

இம்மடலோடு பென்சில் தாள்கள் இரண்டின் நகல்களையும் அனைவர் ஒப்புதலோடும் இணைத்திருக்கிறேன். பெயர்களோ தேதிகளோ இல்லை. கதவுக்குப் பக்கத்துப் புள்ளியை மட்டும் இரண்டிலும் வட்டமிட்டிருக்கிறேன். இரண்டாவது தாளில் அதற்கு நான்கு கோடுகள் வந்து சேர்கின்றன, ஒன்று அங்கிருந்து புறப்படுகிறது.

இப்படிக்கு,
ஓர் ஆதரவுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர்